நாற்பது தௌ

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்காரர் நல்ல மனிதர். எதையும் நேரடியாகச் சொல்ல மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் காரை வெளியே எடுத்தபோது, வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "என்ன சார், வண்டியில கொசு மருந்து மெஷின் ஏதாவது ஃபிட் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பக்கத்தில் இருந்த அவருடைய பேத்தி, நாலு வயசு, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது. அது சிரிக்கவில்லை.

கார் 1984 மாடல் அம்பாசடர். மார்க் 4, பெட்ரோல். அப்பா வாங்கியது. 2011-ல் அவர் போன பிறகு ஆர்.சி. புத்தகம் என் பெயருக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காய்கறி, எப்போதாவது ஒரு கல்யாணம், வருஷத்துக்கு ஒரு தரம் குலதெய்வம். இவ்வளவுதான் ஓட்டம். இதற்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்க ஆரம்பித்திருந்தது. சைலன்சரில் நீலப் புகை. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, கார்புரேட்டரைத் திருகினால் சரியாகிவிடும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அது திருகில் தீராது.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அப்பா காலத்து ஆள். புகையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நாலு பிளக்கையும் கழற்றினார். ஒவ்வொரு ஓட்டையிலும் கேஜை வைத்து, என்னை ஸ்டார்ட்டரை அமுக்கச் சொன்னார். முதல் சிலிண்டர் 120. இரண்டாவது 85. மூன்றாவது 80. நாலாவது 115. பிறகு இரண்டாவது, மூன்றாவது ஓட்டைகளில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அமுக்கச் சொன்னார். முள் 110-க்கு ஏறியது.

"வால்வு போயிருந்தா ஆயில் விட்டாலும் ஏறாது சார். ஏறுதுன்னா ரிங்கும் போரும்தான் போச்சு. ஆயில்தான் இப்ப ரிங் வேலையைப் பார்க்குது."

எனக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடித்தது. ஒரு ஸ்பூன் எண்ணெயில் நோய் எங்கே என்று தெரிந்துவிடுகிறது. மனுஷனுக்கு இதற்கே எட்டு டெஸ்ட் எழுதுகிறார்கள்.

பாய் மூன்று வழி சொன்னார்.

ஒன்று, இன்ஜினை இறக்கி முழுசாக வேலை பார்ப்பது. ஆனால் அதில் ஒரு சிக்கல். சிலிண்டர் தேய்ந்தால் அதைக் கொஞ்சம் கடைந்து பெரிசாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். ரீபோர் என்பது இதுதான். லேத்காரர்கள் இதைத் தௌ கணக்கில் சொல்வார்கள். தௌ என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்பா நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்: 1993-ல் 20 தௌ, 2004-ல் 40 தௌ. நாற்பதுக்கு மேல் இந்த பிளாக்கில் கடைய பாய்க்குத் தைரியம் இல்லை. சுவர் மெலிந்துவிடும். ஆகவே இனி ஸ்லீவ்தான். கடைந்த ஓட்டைக்குள் புதுசாக ஓர் இரும்புக் குழாயை இறுக்கி, அதற்குள் பிஸ்டனை ஓட விடுவது. கிராங்க்கையும் அரைக்க வேண்டும், பேரிங், வால்வு, ஆயில் பம்பு என்று பட்டியல் நீண்டு அறுபத்தைந்தாயிரத்தில் நின்றது.

இரண்டு, வேறு இன்ஜின். 1990-களில் அம்பாசடரில் 1800 சிசி இசுசு இன்ஜின் வந்ததே, நினைவிருக்கிறதா? உடைப்புக்குப் போன ஒரு வண்டியிலிருந்து அதை கியர்பாக்ஸோடு எடுத்து இதில் உட்கார வைப்பது. "பறக்கும் சார்" என்றார் பாய். எனக்குப் பறக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

மூன்றாவதைச் சொல்லும்போது பாய் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "ரிங் மட்டும் மாத்தி, கெட்டியான ஆயிலா ஊத்தி வுட்டா ஆறு மாசம் புகை வராது. அதுக்குள்ள யாராவது ஆசைப்பட்டவங்களுக்குத் தள்ளிடலாம். நான் செய்ய மாட்டேன் சார். ஆனா வழி இருக்குன்னு சொல்லணும் இல்ல?"

இந்த மூன்றாவது வழியைப் பிறகு வைத்துக்கொள்வோம். மனசு முதலில் ஓடியது முதல் இரண்டுக்கும் நடுவில்தான். சட்டென்று தோன்றிய கேள்வி இது: இசுசுவை மாற்றிவிட்டால் இது அப்பாவின் கார்தானா?

இந்தக் கேள்வி ரொம்பப் பழசு. ஏதென்ஸ்காரர்கள் தீசியஸ் என்ற வீரனின் கப்பலை நினைவுச் சின்னமாகப் பாதுகாத்தார்களாம். ஒரு பலகை உளுத்தால் எடுத்துவிட்டு வேறு பலகை. கொஞ்ச காலத்தில் பழைய பலகை ஒன்றுகூட மிச்சமில்லை. அப்போது இது அதே கப்பலா என்று தத்துவ ஆசிரியர்கள் அடித்துக்கொண்டதாக புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். 1655-ல் தாமஸ் ஹாப்ஸ் இதில் இன்னொரு முடிச்சுப் போட்டார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கிச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால்? இரண்டில் எது தீசியஸின் கப்பல்? ஹாப்ஸ் புதுப்பேட்டைக்கு வந்திருந்தால் இதை ஒரு சந்தேகமாகவே எழுதியிருக்க மாட்டார். அங்கே இந்தக் காரியம் தினமும் நடக்கிறது.

நம் பக்கத்தில் இதைவிடப் பொருத்தமாக, வண்டியை வைத்தே ஒரு விவாதம் இருக்கிறது. பௌத்தர்களின் 'மிலிந்த பன்ஹா'. கிரேக்க வம்சத்து அரசன் மிலிந்தன், நாகசேனர் என்ற பிக்குவிடம் நீங்கள் யார் என்று கேட்கிறான். நாகசேனர் என்று கூப்பிடுகிறார்கள், ஆனால் அப்படி ஓர் ஆள் உள்ளே கிடையாது என்கிறார் அவர். அரசனுக்குக் குழப்பம். நடந்து வந்தாயா, ரதத்தில் வந்தாயா என்று பிக்கு திருப்பிக் கேட்கிறார். ரதத்தில். சரி, அச்சுதான் ரதமா? இல்லை. சக்கரமா? இல்லை. ஏர்க்காலா? இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தா? அதுவும் இல்லை. அப்படியானால் நீ எதில் வந்தாய்? கடைசியில் அரசனே ஒப்புக்கொள்கிறான்: இந்தப் பாகங்களை வைத்துக்கொண்டு நாம் சொல்லும் ஒரு பெயர்தான் ரதம்.

நம் சட்டம் இவ்வளவு நுட்பமாகப் போவதில்லை. வண்டிக்கு ஆத்மா இருக்கிறது, அது சேசிஸ் நம்பரில் இருக்கிறது. இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பரை ஏற்றிக்கொள்ளலாம். வண்டி அதே வண்டிதான். சேசிஸ் நம்பரில் கை வைத்தால் போலீஸ் வரும்.

வொர்க்ஷாப்பில் இன்ஜினை இறக்காமலேயே, ஹெட்டை மட்டும் கழற்றி பாய் எனக்கு உள்ளே காட்டினார். பிஸ்டன் தலையில் கரிக்கு அடியில் 040 என்று அச்சு. 2004-ல் போட்டது. "விரலை உள்ள விடுங்க, மேல் ஓரத்துல நகத்தை வச்சுப் பாருங்க" என்றார். நகம் ஒரு சின்ன விளிம்பில் தட்டியது. பிஸ்டன் ரிங் மேலே போய்த் திரும்பும் இடத்துக்குச் சற்று மேலே, ரிங்கே படாத ஓரம் அது. அது மட்டும் பழைய அளவில் அப்படியே இருக்கிறது, அதற்குக் கீழே எல்லாம் தேய்ந்திருக்கிறது. மேலே சூடு அதிகம், ஆயில் குறைவு, அதனால் அங்கேதான் தேய்மானம் ரொம்ப. கீழே போகப் போகக் குறைவு. வட்டமும் வட்டமாக இல்லை, லேசாக முட்டை வடிவம்.

அந்த விளிம்பை நகத்தால் தடவியபடி எனக்கு ஒரு விபரீத எண்ணம் வந்தது. அப்பா ஓட்டியதற்கு இந்த வண்டியில் ஏதாவது அடையாளம் இருக்கிறது என்றால், அது இந்தப் பள்ளம்தான். சேலம், மதுரை, கன்னியாகுமரி என்று ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் இந்தச் சுவரிலிருந்து கொஞ்சம் இரும்பைச் சுரண்டிக்கொண்டு போயிருக்கிறது. அந்த இரும்பு எங்கே? வடித்த ஆயிலோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது இல்லாமல் போனதன் அளவு.

அப்படியானால் நான் இன்ஜினைக் 'காப்பாற்ற' ரீபோரோ ஸ்லீவோ செய்யும்போது முதலில் அழியப்போவது அதுதான். போரிங் மெஷின் உள்ளே இறங்கி அந்தப் பள்ளத்தைச் சுத்தமாக வழித்து எடுத்துவிடும். இசுசு போட்டேன் என்றால் பழைய பிளாக் அப்படியே, தேய்மானத்தோடு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும். நினைவுதான் முக்கியம் என்றால் மாற்றுவதுதான் சரி, பழுது பார்ப்பது தப்பு. கணக்கு நேர்மாறாக வந்தது.

அப்பா என்ன செய்தார்? 1993-ல் கடைந்தார், 2004-ல் கடைந்தார். அதற்குமுன் ஓட்டிய தேய்மானத்தை இரண்டு தடவை வழித்து எறிந்தார். நோட்டில் தேதியும் தொகையும் இருக்கிறது, தத்துவம் எதுவும் இல்லை. 2004 பக்கத்தில் ஓரமாக ஒரே ஒரு வரி: "பில் 200 ரூ. அதிகம்."

எங்கள் பாட்டி வீட்டில் அம்மி கொத்த ஆள் வருவான். உளியும் சுத்தியும் வைத்துக்கொண்டு, வழவழப்பாகிப் போன கல்லில் டொக் டொக்கென்று பொளிந்துவிட்டுப் போவான். அம்மி மறுபடி அரைக்கும். ஆனால் ஒவ்வொரு தரம் கொத்தும்போதும் கல் கொஞ்சம் மெலியும். பாட்டியின் அம்மி நடுவில் தொட்டில் மாதிரி குழிந்திருந்தது. பழுது பார்ப்பது என்றாலே பழசைக் கொஞ்சம் எடுத்துவிடுவதுதான் என்பது அந்த வீட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதாக இல்லை.

கோயிலிலும் இதேதான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு கும்பாபிஷேகம் என்பது மரபு, நடைமுறையில் தள்ளிப்போகும். தஞ்சைப் பெரிய கோயிலில் 1997-க்குப் பிறகு 2020-ல்தான் நடந்தது. திருப்பணி ஆரம்பிக்கும் முன் பாலாலயம் என்று ஒன்று செய்வார்கள். மூர்த்தியின் சக்தியை ஒரு கலசத்துக்கோ அத்திப் பலகையில் எழுதிய படத்துக்கோ மாற்றி, வேறு இடத்தில் வைத்துப் பூஜை நடக்கும். இங்கே சாரம் கட்டி இடிப்பார்கள், பூசுவார்கள். முடிந்ததும் சக்தியைத் திரும்பக் கொண்டுவருவார்கள். வேலை நடக்கும்போது உள்ளே இருப்பது வெறும் கல், அதனால் உளியை வைக்கலாம். எவ்வளவு நடைமுறை ஞானம்!

பூரியில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். ஜகந்நாதர் வேப்பமரத்தில் செய்த மூர்த்தி. மரம் உளுக்கும். அதனால் அதிக ஆஷாட மாதம் வரும் சில வருஷங்களில் புது மரம் தேடி, புது மூர்த்தி செதுக்கி, பழைய மூர்த்தியின் உள்ளே இருக்கும் 'பிரம்ம பதார்த்தம்' என்ற ஒன்றை ராத்திரியில் புதியதற்கு மாற்றுகிறார்கள். மாற்றுகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு மாற்ற வேண்டும். அது என்னவென்று அவருக்கே தெரியக் கூடாது. 1996-ல் நடந்தது, பிறகு 2015-ல். பழைய மூர்த்தியைக் கோயில் வளாகத்திலேயே புதைத்துவிடுவார்கள். இது சரியான 'இன்ஜின் மாற்றம்'. ஆனால் உள்ளே போவது பழசு, வெளியே இருப்பது புதுசு.

ஜப்பானில் ஈசே என்ற இடத்துக் கோயிலை இருபது வருஷத்துக்கு ஒரு தரம் பக்கத்து மனையில் புதிதாகவே கட்டிவிடுகிறார்கள். 2013-ல் 62-வது தடவை. இருபது வருஷத்துக்குள் ஒரு தச்சன் இளைஞனாக ஒரு தரம், மேஸ்திரியாக ஒரு தரம் கட்டிவிடலாம். கோயிலின் மரம் புதுசு. மிச்சமாவது அதைக் கட்டத் தெரிந்த கை.

இந்த இடத்தில் நான் பாயைப் பற்றி யோசித்தேன். அவருடைய பையன் ஒரு கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கிறான். ஸ்கேனரை மாட்டினால் திரையில் கோளாறு நம்பர் வரும், பாகத்தை மாற்றுவான். கெட்டிக்காரன்தான். ஆனால் ஸ்பூன் ஆயில் டெஸ்ட் அவனுக்கு ஒரு வேடிக்கை. பாய் இறக்கிப் போடும் இன்ஜின்கள் வருஷத்துக்கு நாலைந்து என்று ஆகிவிட்டது. நான் ஸ்லீவ் போடச் சொன்னால் அந்த லேத்துக்கும் பாய்க்கும் பதினைந்து நாள் வேலை. இது ஒரு காரணமா? அடுத்தவன் தொழில் பிழைக்க நான் என் இன்ஜினைப் பழுது பார்க்க வேண்டுமா? காரணமாகாது என்றுதான் நினைக்கிறேன். தர்மம் செய்ய வேண்டுமென்றால் நேராகச் செய்யலாம். தவிர, பாயிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

ரகசியமாக இன்னொரு காரணமும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம்தான் கிளட்ச் மாற்றினேன். அதற்கு முந்தின வருஷம் நாலு டயர். 2024-ல் ஆர்.சி. புதுப்பித்தேன். 2022 ஏப்ரலுக்கு முன்னால் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆகியிருந்தது. இவ்வளவு போட்டாயிற்று, இப்போது விடுவதா? இது மாதிரி யோசிப்பது தப்பு என்று எந்தப் பொருளாதார வாத்தியாரும் சொல்வார். போட்ட காசு போட்டதுதான், நாளைக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும் பார். சரிதான். ஆனால் கல்யாணம், வேலை, வீடு எதிலுமே நான் அப்படிப் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

இசுசு விஷயத்தையும் சும்மா விடவில்லை. பாயோடு போய் இரண்டு இன்ஜின்களைப் பார்த்தேன். ஒன்றுக்கு உடைத்த வண்டியின் பேப்பர், பில், நம்பர் எல்லாம் இருந்தது. விலை எண்பத்தைந்தாயிரம். இன்னொன்று நாற்பது. பேப்பர் "அப்புறம் பார்த்துக்கலாம்". பாய் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "எவன் வீட்டு வாசல்ல நின்ன வண்டியோ சார். நமக்கு எதுக்கு?" என்றார். நாற்பதாயிரத்துக்கு ஓர் இன்ஜின் கிடைக்கிறது என்றால் மீதி நாற்பத்தைந்தாயிரத்தை யாரோ கொடுத்திருக்கிறார்கள். அது யாரென்று நமக்குத் தெரியாமல் இருப்பதுதான் அந்த விலையின் சௌகரியம்.

பேப்பர் இருந்த இன்ஜினும் நன்றாகத்தான் இருந்தது. அது யார் ஓட்டியது, ஆயில் மாற்றினாரா, சூடேற்றிக் கெடுத்தாரா, ஒன்றும் தெரியாது. என் பழைய பிளாக்கின் குறை ஒவ்வொன்றும் நோட்டில் இருக்கிறது.

இப்போது அந்த மூன்றாவது வழி.

நான் விற்கப் போவதாக எப்படியோ செய்தி பரவி, ஒரு பையன் வந்தான். கல்யாண போட்டோ எடுக்கிறவன். பழைய கார் முன்னால் ஜோடியை நிறுத்தி எடுப்பதற்கு இப்போது நல்ல கிராக்கியாம். வாடகைக்கு எடுத்துக் கட்டுப்படியாகவில்லை, சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று பார்க்கிறான். காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். பெயின்ட்டைத் தடவினான். அன்றைக்கு ஹெட்டைத் திரும்ப மாட்டியிருந்தது, அரை மணி முன்னால்தான் ஆயில் டாப்-அப் செய்திருந்தேன், இன்ஜின் ஆறிக்கிடந்தது. ஒன்றே கால் லட்சம் தருவதாகச் சொன்னான். எனக்கு அது அதிகம்.

பிறகு கேட்டான்: "இன்ஜின் எப்படி அங்கிள்?"

இதைப் பற்றி ரோமாபுரியின் சிசரோ, கி.மு. 44-ல் தன் மகனுக்கு எழுதிய 'கடமைகள்' நூலின் மூன்றாம் பாகத்தில் விரிவாகப் பேசுகிறார். ஒருவன் வீடு விற்கிறான். பார்க்க நல்ல வீடு. ஆனால் ஒவ்வொரு அறையிலும் பூச்சிபொட்டு, மரமெல்லாம் உளுத்தது. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வாங்குகிறவனிடம் சொல்ல வேண்டுமா? டயஜெனீஸ் என்ற ஸ்டோயிக் ஆசிரியர் தேவையில்லை என்கிறார்: சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, உனக்குக் கண் இருக்கிறது, பார்த்து வாங்கு. அவருடைய சீடர் ஆன்டிபேட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. வழி தவறியவனுக்கு வழி சொல்லாமல் இருப்பதைவிட இது மோசம், தெரிந்தே ஒருவனைத் தவறான வழியில் அனுப்புவது என்கிறார். சிசரோ ஆன்டிபேட்டர் பக்கம். உனக்கு லாபம் வர வேண்டும் என்பதற்காக, அடுத்தவனுக்குத் தெரிய வேண்டியதைத் தெரியவிடாமல் வைத்திருப்பதுதான் மறைப்பது என்று கோடு கிழிக்கிறார்.

எனக்கு டயஜெனீஸைக் குறை சொல்ல மனசில்லை. அந்தப் பையன் கேட்டபின் மூன்று விநாடி நான் டயஜெனீஸாகத்தான் இருந்தேன். 'ஸ்டார்ட் பண்ணிப் பாருப்பா' என்று சொல்லியிருக்கலாம். பொய்யே இல்லை. ஆறின இன்ஜின், ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷம் கேட்பான், அப்போதைக்குப் பெரிதாகப் புகை தெரியாது. புகை வருவது சூடேறி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதுதான். அவன் கண்ணாலேயே பார்த்து, அவனாகவே ஏமாந்திருப்பான். என் நாக்கு சுத்தமாக இருந்திருக்கும்.

"இன்ஜின் போச்சுப்பா" என்றேன். "ஸ்லீவ் போடணும். அறுபத்தஞ்சு ஆகும்."

அவன் முகத்தில் பெரிய மாறுதல் இல்லை. "எனக்கு ஓட வேண்டாம் அங்கிள், நின்னா போதும். போட்டோதானே?" என்றான். பிறகு, "அப்ப அறுபதுக்குக் கொடுத்துடுங்க" என்றான்.

சரிபாதிக்கும் கீழே! உண்மையின் விலை அறுபத்தைந்தாயிரம் என்று அப்போதே கணக்கு முடிந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். உண்மை சொன்ன பெருமை ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குப் பிறகு அறுபத்தைந்தாயிரம்தான் மனசில் இருந்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். எழுபத்தெட்டு வயது. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி எல்லாம் சரி. அப்பாவின் வண்டி, அப்பா எவ்வளவு ஆசையாக வைத்திருந்தார் என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போக, அவள் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஆசையா? அவருக்குப் பஸ்ல நிக்க முடியலடா, முதுகுவலி. அவர் கேட்டது ஃபியட். அது கிடைக்க லேட்டாகும்னு இதை எடுத்தார். கடைசி வரைக்கும் கியர் போடும்போதெல்லாம் திட்டுவார். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அல்லது மறந்துவிட்டேன். நாற்பது வருஷம் கழித்து நான் காப்பாற்ற நினைத்த அப்பாவின் பிரியம், அப்பாவிடம் இருந்ததே இல்லை. அது முழுக்க என்னுடையது. நானே தயாரித்து, அவர் பெயரில் ரிஜிஸ்டர் செய்து வைத்திருக்கிறேன்.

இது தெரிந்ததும் ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, லேசாக இருந்தது. அப்பாவுக்காக ஒன்றும் செய்ய வேண்டாம் என்றால் மிச்சம் இருப்பது எளிய கேள்விகள்தான். எனக்கு இந்த வண்டியை ஓட்டப் பிடித்திருக்கிறதா? பிடித்திருக்கிறது. அதற்கு அறுபத்தைந்தாயிரம் கொடுக்கலாமா? இருக்கிறது, கொடுக்கலாம். வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் பைத்தியக்காரத்தனம். இதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனங்களுக்கு நான் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எளிதில்லாத கேள்வி மூன்றாவது வீட்டுக் குழந்தையினுடையது. ஸ்லீவ் போட்டால் நீலப் புகை நிற்கும். ஆனால் இது 1984 இன்ஜின். பெட்ரோல் வண்டிகளின் புகைக்கு நம் நாட்டில் முதல் கட்டுப்பாடு வந்ததே 1991-ல்தான். புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் இதில் கிடையாது. பி.எஸ். 6 என்று 2020 ஏப்ரலில் வந்ததற்கு முன்னால் இது புதிதாக நின்றாலும் கரி மூஞ்சிதான். நான் ஓட்டுவது வருஷத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர். புதுக் கார் ஒன்றைச் செய்ய இரும்பை உருக்குவதிலும் புகை இருக்கிறதே, இவ்வளவு குறைந்த ஓட்டத்துக்கு அது எப்போது ஈடாகும் என்று ஒரு வாதம் என்னிடம் தயாராக இருக்கிறது. நல்ல வாதம். ஆனால் அந்த இரும்பு உருகுவது வேறு ஊரில். என் புகை இந்தத் தெருவில், அந்தக் குழந்தையின் உயரத்தில் வருகிறது. எனக்குச் சாதகமான வாதம் என்னிடம் இவ்வளவு சீக்கிரம் வந்து நின்றது எனக்கே சந்தேகமாக இருந்தது. கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். காய்கறிக்கு இனி நடை. வண்டி மாதம் இரண்டு தடவை. தெருவில் நிறுத்திக்கொண்டு சூடேற்றுவது இல்லை. இது போதுமா என்றால், போதாது.

பிளாக்கை லேத்துக்கு எடுத்துப் போன அன்று நானும் கூடப் போனேன். சின்ன இடம், ஒரே ஒரு போரிங் மெஷின், அதை ஓட்டுகிறவருக்கு என் வயசு. கேஜை உள்ளே விட்டு, "பத்து தௌ தேஞ்சிருக்கு" என்றார். கால் மில்லிமீட்டர். இருபது வருஷம், அப்பாவும் நானும். மெஷின் இறங்கியது. அரை மணி நேரத்தில் முதல் சிலிண்டரின் தேய்மானம் தூள் தூளாகக் கீழே தட்டில் விழுந்துவிட்டது. ஸ்லீவை இறக்கிய பிறகு அவர் சொன்னதுதான் வேடிக்கை: "இனிமே ஸ்டாண்டர்ட் பிஸ்டனே போடலாம் சார். கம்பெனியிலேர்ந்து வந்தப்ப இருந்த சைஸ்." அம்மிக்கு இந்த வசதி கிடையாது.

பழைய பிஸ்டன் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். கரியைச் சுரண்டி, தேய்த்துக் கழுவி, மேஜையில் வைத்தேன். 040 பளிச்சென்று தெரிகிறது. அம்மா அதில் பேனா போட்டு வைத்திருக்கிறாள்.

முதல் ஐந்நூறு கிலோமீட்டர் ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது என்று பாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புது ரிங்கும் புதுச் சுவரும் ஒன்றுக்கொன்று பழக வேண்டுமாம். ஷேர் ஆட்டோவெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. ஐந்நூறு முடிந்ததும் ஆயிலை வடித்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தால் பொடிப் பொடியாக மினுக்கியது. பாய் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இவ்ளோ வரத்தான் செய்யும். அடுத்த தடவை இருக்காது" என்று நட்டை முடுக்கினார்.

மூன்றாவது வீட்டுக்காரர், "இப்ப ரொம்பப் பரவாயில்ல சார்" என்றார். அவர் பேத்தி மட்டும் அம்பாசடர் வெளியே வருகிறபோதெல்லாம் இன்னும் மூக்கைப் பொத்திக்கொள்கிறது. பழக்கமா, நிஜமாகவே நாறுகிறதா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.